எஃப்.சி.க்கு உடனே தேதி வாங்கித் தருவதாகச் சொன்ன தரகரிடம் ஏமாந்தேன்

சிறிய சரக்கு வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் கவனத்திற்கு இதை எழுதுகிறேன். 8 ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டியை ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு, அதாவது சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழுக்கு, காட்டியாக வேண்டும். என் வண்டிக்கு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கெடு முடிய ஐந்தே நாட்கள் இருந்தபோதுதான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்றேன். அது என் தவறு.

எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடையில் அமர்ந்திருந்த தரகர், "ஆன்லைனில் போட்டால் தேதி கிடைக்க மூன்று வாரம் ஆகும் சார், என்னிடம் விடுங்கள், நாளைக்கே முடித்துத் தருகிறேன்" என்று சொல்லி 4,500 ரூபாயும் ஆர்.சி. புத்தகமும் வாங்கிக்கொண்டார். வண்டியைக் கொண்டுவரவே வேண்டாம் என்று அவர் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒருநாள் வாடகை கெடாதே என்ற நினைப்பில் தலையாட்டிவிட்டேன். மறுநாள் மாலை வாட்ஸ்அப்பில் ஒரு தாளின் படமும் "முடிந்தது" என்ற செய்தியும் வந்தன. படத்தில் அவருடைய கட்டைவிரல் தாளின் தலைப்பை மறைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

கெடு முடிந்து பன்னிரண்டாம் நாள், வாழைத்தார் ஏற்றிச் சென்றபோது சோதனையில் மறித்த காவலர், வண்டி எண்ணைத் தம் கைபேசியில் தட்டிப் பார்த்து, எஃப்.சி. காலாவதியாகிவிட்டது என்றார். அந்தப் படத்தைக் காட்டினேன். அது வெறும் கட்டண ரசீது என்றார். பணம் கட்டியதோடு சரி, தேதியே பதிவு செய்யப்படவில்லை. அபராதச் சலானோடு வீடு திரும்பினேன்.

அன்றிரவே போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் நானே பதிவு செய்தேன். நான்காம் நாளுக்குத் தேதி கிடைத்தது; மூன்று வாரம் என்பது பொய். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் 600 ரூபாய் கூடுதலாகக் கட்டினேன். அந்தத் தேதியில் வண்டியைக் கொண்டுபோனபோது, சோதனை மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர், பின்பக்க ஒளிரும் ஸ்டிக்கர் உரிந்திருப்பதையும் இடது இண்டிகேட்டர் எரியாததையும் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பினார். வெளியே கடையில் சரிசெய்துகொண்டு வர இரண்டு மணி நேரம் ஆனது. இவற்றை முதல்நாளே பார்த்திருந்தால் காலையிலேயே வேலை முடிந்திருக்கும். என்னோடு வரிசையில் நின்றவர்களில் பலரும் இப்படி விளக்குக்கும் வைப்பருக்கும் அலைந்தவர்களே.

தரகரிடம் கொடுப்பதென்றால், விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்கி, தளத்தில் நீங்களே நிலையைப் பாருங்கள். ஆர்.சி. புத்தகம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. பணம் கிடைக்கவில்லை, அவர் இன்றும் அதே கடையில்தான் அமர்ந்திருக்கிறார்.