பிளமிங்கோ வில்லோ ஆன்லைனில் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

இங்கே லண்டனில் வீட்டுத் தோட்டத்துக்கு பிளமிங்கோ வில்லோ என்ற அலங்காரச் செடியை ஆர்டர் போட நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயர் வேண்டாம், ஏமாற்றும் விதம் தெரிந்தால் போதும்.

வில்லோ மரத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகத் துளிர்க்கும் ஜப்பானிய வகை இது. லேபிளில் ‘ஹக்குரோ நிஷிகி’ என்றிருக்கும். தன் வேரில் வளர்ந்தால் வெறும் புதர்தான். படத்தில் உருண்டைத் தலையோடு நிற்பதெல்லாம் வேறொரு வில்லோவின் தண்டு உச்சியில் ஒட்டுக் கட்டியது. ஊரில் ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டு செத்துப்போனால், அப்புறம் வளர்வது நாம் காசு கொடுத்த செடி அல்ல.

பிப்ரவரியில் 45 பவுண்டுக்கு எனக்கு வந்தது இலையில்லாத குச்சி. அந்தப் பருவத்தில் அப்படித்தான் அனுப்புவார்கள், அது குற்றமில்லை. ஏப்ரலில் தண்டு நெடுகத் துளிர்த்தது, உச்சியில் மட்டும் ஒன்றுமில்லை. அகலமான முழுப் பச்சை இலை, அடிப்புறம் சாம்பல் நிறத்தில் மெத்தென்று. ஒட்டு முடிச்சுக்கு மேலே நகத்தால் சுரண்டினால் பழுப்பாகப் பொடி உதிர்ந்தது. விரற்கடை கீழே சுரண்டினால் பச்சை, ஈரம். அதாவது ஒட்டு செத்து, அடித்தண்டாக இருந்த வேறு வில்லோ மட்டும் உயிரோடு இருக்கிறது.

படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: “இளம் இலை பச்சையாகத்தான் வரும், வெயில் பட்டால் நிறம் ஏறும், உரம் போடுங்கள்.” நேர்மாறான பேச்சு! இந்தச் செடியில் நிறம் இருப்பதே புதுத் துளிரில்தான். இலை முற்ற முற்றப் பச்சையாகும். குளிர்காலம் முடியும்போது ஒட்ட வெட்டிவிடச் சொல்வதும் நிறையப் புதுத் துளிர் வரட்டும் என்றுதான். கடும் வெயிலில் இலை ஓரம் கருகும்.

மறுபடி எழுதினேன். 30 நாள் தாண்டிவிட்டதாம். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, அந்த 30 நாள் பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் உடனே கேட்பதற்கு. அதற்குப் பிறகும் மாற்றுப் பொருள் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது தன் பக்கத்துக் குறை இல்லை என்று கடைக்காரர்தான் பொதுவாக நிரூபிக்க வேண்டும். இதை எழுதியதும் பதிலே நின்றுபோனது. கடைசியில் வங்கியில் புகார் கொடுத்து, டெபிட் கார்டில் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கினேன். சுரண்டிய இடத்தின் படம்தான் கைகொடுத்தது.

‘சரி, பச்சையாகவாவது இருக்கட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள். எனக்கு வந்தது போன்ற காட்டு வில்லோ 8, 10 மீட்டர் உயரம் போகும். லண்டன் களிமண்ணில் வில்லோ வேர் ஈரத்தை உறிஞ்சினால் மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கும். இங்கத்தைய காப்பீட்டுக்காரர்கள் வில்லோவுக்கு வீட்டிலிருந்து சொல்லும் தூரம் 40 மீட்டர். நம் கொல்லையில் அதற்கு எங்கே போவது? நான் வேரோடு பிடுங்கிவிட்டேன்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் மே மாதம் நர்சரிக்கு நேரில் போய், முடிச்சுக்கு மேலே இளஞ்சிவப்புத் துளிர் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். முடிச்சுக்குக் கீழே எது முளைத்தாலும் அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். மண் காயக் கூடாது, தொட்டியில் வைத்தால் கோடையில் தினமும் தண்ணீர்.

அதே கடையில் இப்போது ‘பிளமிங்கோ வில்லோ விதை’ பாக்கெட்டும் விற்கிறார்கள். வில்லோ விதைக்குச் சாதாரணமாக ஆயுள் சில நாட்கள், மிஞ்சினால் சில வாரம். முளைத்தாலும் இந்த நிறம் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்தப் பக்கமே போகாதீர்கள்.