மூலைக்கு மூலை அளக்க லேசர் மீட்டர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கைக்கு அடக்கமான, 40 மீட்டர் தூரம் வரை அளக்கும் லேசர் மீட்டர்களின் பெட்டியில் ஒரு முக்கோணப் படம் போட்டு ‘பிதாகரஸ்’ என்று அச்சடித்திருப்பார்கள். இரண்டு சுவரை அளந்து கொடுத்தால் அறையின் மூலைவிட்டத்தை அதுவே சொல்லிவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். பெரும்பாலான மாடல்களில் அந்தப் பட்டன் செய்வது வேறு வேலை: சாய்ந்த நீளத்தையும் கிடைமட்ட நீளத்தையும் வாங்கிக்கொண்டு உயரத்தைத் தரும். அதில் 3.6 மீட்டர் சுவர் இரண்டை வரிசையாக அளந்து பாருங்கள், உருப்படியான விடை வராது.

சதுர அறைக்கு அந்தப் பட்டனே வேண்டியதில்லை. பக்கத்தை 1.4142-ஆல் பெருக்கினால் முடிந்தது. 3.6 மீட்டர் அறைக்கு 5.091 மீட்டர், 10 அடி அறைக்கு 14 அடி 1.7 அங்குலம். ஆனால் இது மூலைகள் மட்டமாக, அதாவது சரியாக 90 டிகிரியில், இருந்தால் வர வேண்டிய அளவு. மட்டமாக இருக்கிறதா என்று தெரிய இரண்டு மூலைவிட்டங்களையும் நேரடியாக அளந்தே ஆக வேண்டும். நான்கு பக்கமும் சமமாக இருந்து, மூலைவிட்டங்களுக்குள் 20 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால், மூலை ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது (வித்தியாசத்தை 0.7-ஆல் பெருக்குங்கள்). டைல்ஸ் போடுகிறவருக்கு அந்த 14 மில்லிமீட்டர் கடைசி வரிசையில் ஆப்பு வடிவ வெட்டாக வந்து நிற்கும்.

அந்த நேரடி அளவில்தான் கருவிக்குக் கருவி தரம் தெரிகிறது. 50 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டரை மூலைக்குள் வைத்தால் அதன் முதுகு இரண்டு சுவரிலும் முட்டிக்கொண்டு நிற்கும்; மூலை அதற்குப் பின்னால் 25 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். கருவி முதுகிலிருந்து கணக்கிடுவதால் அளவு அவ்வளவும் குறையும். ±2 மில்லிமீட்டர் துல்லியம் என்று பெட்டியில் போட்டிருந்து என்ன பயன்? இதற்காகவே சில மாடல்களில் அடியில் மடக்கி வைத்த முள் ஒன்று இருக்கும். அதை நீட்டினால் முனை மூலைக்குள் போய் உட்காரும். முள் நீண்டதைக் கருவி தானாகவே உணர்கிறதா, நாம்தான் அளவுப் புள்ளியை (அளவு தொடங்கும் இடத்தை) மாற்ற வேண்டுமா என்று கடையிலேயே சோதியுங்கள். மாற்ற மறந்தால் முள்ளின் நீளம் அப்படியே பிழையாகும்.

எதிர்முனையில் சிவப்புப் புள்ளி மூலைக்கோட்டில் சரியாக விழ வேண்டும். 10 மில்லிமீட்டர் பக்கத்துச் சுவருக்கு ஒதுங்கினால் 7 மில்லிமீட்டர் குறையும். கையில் பிடித்துக் குறி பார்ப்பது சிரமம். இதற்கு ‘மேக்ஸ்’ வசதிதான் கைகொடுக்கும்: தொடர் அளவில் வைத்து, முள்முனை நகராமல் புள்ளியை மூலைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மெதுவாக ஓட்டினால், கிடைத்தவற்றில் மிகப் பெரிய எண்ணைத் திரையில் பிடித்து வைத்துக்கொள்ளும். அதுதான் மூலைவிட்டம். பக்கவாட்டில் மட்டும் ஓட்டுங்கள். 5 மீட்டர் தூரத்தில் புள்ளி 30 சென்டிமீட்டர் மேலே ஏறினாலே 9 மில்லிமீட்டர் கூடிவிடும். மூலையில் புள்ளி மங்கலாகத் தெரிந்தால் அட்டையைக் குறுக்கே நிறுத்தாதீர்கள். 10 சென்டிமீட்டர் அகல அட்டை 5 சென்டிமீட்டரை விழுங்கிவிடும்.

டேப்பே போதாதா என்றால், காலியான அறைக்குத் தாராளமாகப் போதும். இரண்டு பேர் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 5 மீட்டர் டேப் 3.53 மீட்டர் அறையோடு சரி, 3.6 மீட்டர் அறைக்கே எட்டாது. 8 மீட்டர் டேப் எடுங்கள். கொக்கியை மூலையில் திணிக்காமல், 10 சென்டிமீட்டர் கோட்டை மூலையில் பிடித்து, வந்த அளவில் 10-ஐக் கழியுங்கள். தரையில் சாமான் கிடக்கும் அறையில் டேப் நேராகப் போகாது. அங்கே மார்பளவு உயரத்தில் அளக்க லேசர்தான் சரி.

முள்ளும் மேக்ஸும் இருக்கிற மீட்டர் என்றால் தயங்காமல் வாங்கலாம். முள் இல்லாததை இந்த வேலைக்கென்று வாங்க வேண்டாம், பிதாகரஸ் பட்டன் எத்தனை இருந்தாலும் சரி.