பழைய தோணியை மீன்பிடிப் படகாக்கலாம் என்று யாராவது வந்தால் பணம் கொடுத்துவிடாதீர்கள்

பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்காரர்களிடம் ஒருவர் இப்போது பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். "தூத்துக்குடியில சரக்குத் தோணி ஒண்ணு விலைக்கு வந்திருக்குதுங்க, ஆழ்கடல் மீன்பிடிப் படகா மாத்திட்டா நல்ல வருமானமுங்க" என்பதுதான் பேச்சு. போன வருடம் என்னிடமும் இதையேதான் சொன்னார். 11 லட்சம் கொடுத்துவிட்டு நிற்கிறேன்.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். "வலை இழுக்கற வின்ச்சை நீங்களே செஞ்சு குடுங்கண்ணா, பங்கும் எடுத்துக்குங்க" என்றார். நம் தொழில்தானே என்று இறங்கிவிட்டேன். 80 லட்ச ரூபாய்த் திட்டம், 70 சதவீதம் மானியம் என்று ஒரு தாளையும் காட்டினார். 2017-இல் அப்படி ஒரு திட்டம் வந்தது உண்மைதான். மத்திய அரசு 50, மாநில அரசு 20 சதவீதம். ஆனால் பாக் விரிகுடாவில் இழுவைப் படகு வைத்திருக்கும் மீனவர்கள், அதை விட்டுவிட்டு ஆழ்கடலில் சூரை பிடிக்கப் போவதற்கான பணம் அது. நமக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

முதல் பயணம் ஏப்ரல் 20 என்றார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதே அவர் பொய்யைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

வேலை முடிந்தது, பாக்கியை அனுப்புங்க என்று போன் வந்ததும் மச்சானைக் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. நல்லவேளை, அங்கே விசாரித்து வயதான ஓடாவி ஒருவரையும் அழைத்துப் போயிருந்தோம். படகு கட்டும் ஆசாரியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அவர் ஒன்றும் பேசாமல் பக்கப் பலகையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரை உள்ளே போனது. மீன் அறைக்குப் பஃப், அதாவது குளிர் வெளியே போகாமல் காக்கும் நுரை, அடித்ததாகப் பில் இருந்தது. ஓரத்தை நகத்தால் நெம்பினேன், தெர்மாகோல் மணிகள் விரலில் ஒட்டிக்கொண்டன.

"சாய்வு பார்த்தாங்களா தம்பி?" என்று அடுத்துக் கேட்டார். சரக்கு ஏற்றும்போது பாரம் தோணியின் அடியில் உட்காரும். மீன் பிடிக்கப் போகையில் அந்தப் பாரம் இருக்காது. மேல்தளத்திலோ என் வின்ச் மட்டுமே ஒரு டன். வலையைப் பக்கவாட்டில் இழுத்தால் கவிழ்ந்துவிடும் என்றார். அதற்காகத்தான் கணக்கான எடையை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்த்தி, தூக்குக்குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளந்து பார்க்கிறார்கள். அந்தச் சோதனையே செய்யவில்லை. வின்ச்சுக்கு அடியில் உத்தரம்கூடக் கொடுக்காமல், வெறும் பலகையில் நாலு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். அதில் எட்டுப் பேர் கடலுக்குப் போக இருந்தார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

காகிதத்தில் அது இன்னும் சரக்குத் தோணிதான். 1983-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி மீன்வளத்துறையில் வாங்க வேண்டிய உரிமத்துக்கு விண்ணப்பம்கூடப் போடவில்லை.

வின்ச்சை மட்டும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். உங்களிடமும் யாராவது இப்படி அட்வான்ஸ் வாங்கியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே போய்ப் புகார் கொடுக்கலாம்.