கால்வீடா, கல்வீடா? பெகுப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு

பர்மாவின் பெகு நகரிலிருந்து தனப்பின் போகும் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். வயல்காட்டு ஊர்தான். இங்கே தமிழர் வீடுகள் இரண்டு சாதி. ஆளுயரத் தூண்களில் நிற்கும் பலகை வீடு ஒன்று. எங்கள் வீட்டில் அதைக் கால்வீடு என்போம். தரையிலேயே செங்கல் வைத்து எழுப்பியது கல்வீடு. பர்மியர் வாயில் அது ‘தைக்’. மலேசியாவில் வேலை பார்க்கும் என் தம்பி, அம்மா இருக்கும் பழைய கால்வீட்டைப் பிரித்துவிட்டுக் கல்வீடு கட்டச் சொல்லிப் பணம் அனுப்பத் தொடங்கியிருக்கிறான். கறையான் தொல்லை இல்லை, எலி ஏறாது, ஊரில் நாலு பேர் கட்டிவிட்டார்கள் என்பது அவன் கட்சி. “தண்ணி வந்தா எங்கடா போய் ஏறுறது?” என்பது அம்மாவின் ஒரே கேள்வி. நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். ஆறு மாதமாகக் கொத்தனாரையும் தச்சரையும் மாறி மாறிக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் வெள்ளம். எங்களுக்கு அது வருஷாவருஷம் வரும் விருந்தாளி. 2023 அக்டோபரில் பெகுவில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 200 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நகரத்திலேயே ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். எங்கள் வீட்டுப் படியில் ஐந்தாவது வரை தண்ணீர் ஏறி நின்றது. மேலே அம்மா வழக்கம்போல உலை வைத்தாள். ஏர், விறகு, பழைய சைக்கிள் எல்லாம் கீழே நனைந்தன. மாட்டை மட்டும் முதல் நாளே ரயில் மேட்டுக்கு ஓட்டிப் போய்விட்டோம். பக்கத்துக் கல்வீட்டில் சித்தப்பா குடும்பம் நெல் மூட்டைகளைக் கட்டில்மேல் அடுக்கி, கட்டிலை மேசைமேல் ஏற்றி, கடைசியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. தண்ணீர் வடிந்த பிறகும் அவர்கள் பாடு தீரவில்லை. செங்கல் குடித்த ஈரம் தை மாதம் வரை சுவரில் உப்புப் பூத்து நின்றது. அலமாரிக்குப் பின்னால் கண்ணாடி விரியன் ஒன்று வேறு. வெள்ளத்தில் பாம்பும் மேடு தேடித்தானே வரும்? ஆக, வெள்ளத்துக்குக் கால்வீடு. இதில் வாதமே இல்லை.

அடுத்தது நிலநடுக்கம். தம்பிக்கு இது எப்போதோ ஒருமுறை வருவது. ஆனால் நாட்டை வடக்கு தெற்காகக் கிழித்துக்கொண்டு போகும் சகாயிங் நிலப்பிளவு பெகுவை ஒட்டித்தான் கடலுக்கு இறங்குகிறது. 1930 மே 5 அன்று அது இங்கேதான் அசைந்தது. சுவேமோடோ பயா என்னும் பெரிய புத்தக் கோயில் இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டி முடிக்க 1954 ஆகிவிட்டது. அதற்கு முன் 1917 நடுக்கத்தில் விழுந்த உச்சித் துண்டு இன்றும் கோயில் அடியில் கிடக்கிறது, போனால் பார்க்கலாம். 1930இல் பெகுவில் மட்டும் சுமார் 500 பேர் மாண்டார்கள். கட்டடங்கள் விழுந்ததோடு நெருப்பும் பிடித்துக்கொண்டது.

அப்புறம் 2025 மார்ச் 28. வெள்ளிக்கிழமை பகல் 12:50. நடுக்கத்தின் அளவு 7.7. மாந்தலே, சகாயிங்கிலிருந்து நேப்பிடோவையும் தாண்டித் தெற்கே 400 கிலோமீட்டருக்கு மேல் பிளவு நகர்ந்தது. 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜும்ஆ தொழுகை நேரம் என்பதால் பழைய செங்கல் பள்ளிவாசல்களுக்குள் இருந்த பலர் வெளியே வரவே இல்லை. எங்கள் ஊரில் கால்வீடு ஊஞ்சல் மாதிரி ஆடியது, தண்ணீர்த் தாழி தளும்பியது, அவ்வளவுதான். ஆனால் பிளவின் அடுத்த அசைவு எங்கள் பக்கமாக இருந்தால்?

இரும்புக் கம்பி இல்லாத செங்கல் சுவர் மேலிருந்து வரும் பாரத்தை எத்தனை காலமும் தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால்தான் அதற்கு உயிர் போகும். கனம் அதிகம், வளைந்து கொடுக்காது. மூலை பிளந்தவுடன் சுவர் முழுசாக வெளியே சாயும், கூரை உள்ளே இறங்கும். மரச்சட்டத்துக்குக் கனம் குறைவு. பொருத்துகள் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், கிரீச்சென்று கத்தும், கோணிக்கொள்ளும். விழுந்தாலும் பலகையும் தகரமும்தான் மேலே விழும்.

அதற்காகக் கால்வீட்டைக் கும்பிடவும் வேண்டாம். அதன் நோய் காலில். மண்ணில் புதைத்த தூண் தரைமட்டத்தில்தான் முதலில் இற்றுப்போகும். மேலே பார்த்தால் கருங்காலி மாதிரி இருக்கும். கத்தியால் குத்தினால் மாவு. சும்மா கல்லின்மேல் நிறுத்திவைத்த தூணோ நடுக்கத்தில் கல்லை விட்டு நழுவிவிடும். தூணுக்குத் தூண் குறுக்குச் சட்டம் இல்லையென்றால் முழு வீடும் சீட்டுக்கட்டு போல ஒருபக்கமாகப் படுக்கும். ஊரில் பாதி வீடுகளில் அந்தச் சட்டம் கிடையாது. மாட்டு வண்டி உள்ளே போகத் தடையாம்!

காற்று என்றால் கதை புரண்டுவிடும். 2008 மே 2இல் ஐராவதி டெல்டாவில் ஏறிய நர்கிஸ் புயலில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,38,000 பேர். லபுட்டா, போகலே பக்கம் மூங்கில் தட்டி வீடுகள் இருந்த சுவடே இல்லை. கொன்றது காற்றைவிடக் கடல்நீர். ஆளுயரத்தைத் தாண்டி வந்த அலைக்கு முன்னால் ஆளுயரத் தூண் என்ன செய்யும்? அங்கே பிழைத்தவர்களில் பலர் கெட்டியாகக் கட்டிய பொங்கி (புத்த பிக்கு) மடத்திலோ பள்ளிக்கூடத்திலோ தஞ்சம் புகுந்தவர்கள். ஆகவே கடலோரத்தில் இருக்கும் உறவுக்காரர்கள் யாரும் என் பேச்சைக் கேட்டுக் கால்வீடு கட்ட வேண்டாம். எங்கள் ஊர் வரைக்கும் கடல் வராது. எங்களுக்குக் காற்று கூரையைத்தான் எடுக்கும். தகரத்தை வெறும் ஆணியில் விடாமல், சட்டத்தோடு இரும்புப் பட்டை போட்டுத் தூண்வரை இழுத்துக் கட்டினால் பெரும்பாலும் நிற்கும்.

நெருப்பில் கல்வீட்டுக்கே வெற்றி, ஒப்புக்கொள்கிறேன். பங்குனி, சித்திரையில் கூரை வேயும் ‘தனி’ (நிப்பா பனை) ஓலையும் மூங்கில் தட்டியும் பொரிந்து கிடக்கும். ஒரு வீடு பிடித்தால் ஒரு வரிசையே போகும். நீளக் கழிக் கொக்கியும் தீயடிக்கும் தட்டியும் மணல் மூட்டையும் வாசலில் வைக்கச் சொல்வது சும்மா இல்லை. எங்கள் வீட்டுக் கொக்கியில் அம்மா துணி காயப்போடுகிறாள் என்பது வேறு விஷயம். அடுப்பை மட்டும் தனிக் கொட்டகைக்கு மாற்றினால் இந்தப் பயத்தில் பாதி குறையும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. கீழே செங்கல், மேலே பலகை என்று இந்த நாடெங்கும் பார்க்கும் மாடி வீடு. தம்பியும் அம்மாவும் ஒரே நேரத்தில் தலையாட்டியது இதற்குத்தான். எனக்கு ஒரு பயம்: கீழே வெறும் செங்கல் சுவர்மேல் மரமாடியை உட்கார வைத்தால் இரண்டு வீட்டின் கெடுதலும் ஒன்றாகச் சேரும். கான்கிரீட் தூண், நாலு பக்கமும் சுற்றி வரும் கான்கிரீட் பெல்ட், அதன்மேல் மரமாடி என்றால் சரி. கீழ்ச்சுவர் பெயருக்கு இருக்கட்டும், பாரம் தாங்குவது தூணாக இருக்கட்டும். கொத்தனாரிடம் ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் கேட்டேன்: தூணுக்குள் போடும் கம்பி வளையத்தின் முனையை உள்பக்கம் மடக்கிவிடுங்கள், பக்கத்துப் பக்கத்தில் கட்டுங்கள். “யாருண்ணே இதையெல்லாம் பாக்குறாங்க?” என்று சிரித்தார். நான் பார்ப்பேன் என்றேன்.

தம்பியின் வரைபடத்தில் உச்சியில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியும் இருந்தது. அது நிறைந்தால் ஒரு டன். தூங்குகிறவர் தலைக்கு மேலே ஒரு டன்னைத் தூக்கி வைப்பானேன்? தொட்டியைத் தரையில் தனி மேடைக்கு இறக்கச் சொல்லிவிட்டேன். குடிக்கிற தண்ணீருக்குத் தாழியா, மூடி போட்ட டிரம்மா என்றால், வெள்ள மாதங்களில் டிரம்தான். தாழித் தண்ணீர் குளிர்ச்சி. ஆனால் மிதக்காது, தூக்கி மாடிக்கு ஏற்றவும் முடியாது. கிணறு முங்கிய வீட்டில் அந்த ஒரு டிரம் ஒரு வாரம் உயிர் காக்கும்.

வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தால் நம் கோயிலா, பொங்கி மடமா என்ற கேள்வி ஊர்க் கூட்டத்தில் வந்து கொஞ்சம் சூடாகிவிட்டது. வெள்ளத்துக்கு மடம்தான்: மேட்டு நிலம், பெரிய அண்டாக்கள், பெரிய மண்டபம். சாதி, மதம் கேட்டு யாரையும் அங்கே திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. நிலநடுக்கத்துக்கு மடமும் வேண்டாம், கோயிலும் வேண்டாம். நம் கோபுரத்தில் இருப்பது சுதையும் செங்கலும். அம்மன் பொறுத்துக்கொள்வாள், பொம்மைகள் பொறுக்காது. அறுத்த வயல்தான் அப்போது பத்திரம்.

செய்திக்கு டவரை நம்பாமல் பேட்டரி ரேடியோ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் அதில் அலசல் கிடையாது.

இப்போதைக்கு முடிவு இப்படி நிற்கிறது: ஆறு கான்கிரீட் தூண், 2023 தண்ணீர்க் கோட்டுக்கு மேலே இரண்டு முழம் தள்ளி மாடித் தரை, கீழே மூன்று பக்கம் திறந்த வெளி. தேக்குக்கு நம்மிடம் வசதி இல்லை. பியிங்கடோ சட்டம் போதும், இந்த நாட்டு ரயில் தண்டவாளங்களைத் தாங்கிய மரம்தானே அது. முன்பக்கம் செங்கல் சுவர் ஒன்று வேண்டும், பெயின்ட் அடித்து வீட்டுப் பெயர் எழுத வேண்டும் என்கிறான் தம்பி. இடுப்பளவு எழுப்பிக்கொள், அதற்கு மேல் ஒரு கல் கூட ஏறக்கூடாது என்று குரல் அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டான், பதில் இன்னும் வரவில்லை. மழைக்கு முன்னால் தூண் குழி வெட்ட வேண்டும்.