ஆண்டு வரிசையில் ஓர் அறிவியல் புனைகதை அலமாரி

அறிவியல் புனைகதைகளுக்குத் தனி அலமாரி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் எழுத்தாளர் பெயர் வரிசையில்தான் அடுக்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு நூல் முதலில் வெளியான ஆண்டின்படி மாற்றி அடுக்கினேன். இப்படியே பல வருடங்கள் ஓடிவிட்டன. இனி வேறு மாதிரி அடுக்கும் எண்ணமே இல்லை.

இடது ஓரத்தில் 1818இல் வந்த மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. அப்புறம் பெரிய தாவல். 1895இல் எச். ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்'. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கம் கூடி, 1953க்கு வந்தால் மூன்று புத்தகங்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன: ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451', ஆர்தர் சி. கிளார்க்கின் 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்', ஐசக் அசிமோவின் 'செகண்ட் ஃபவுண்டேஷன்'. அணுகுண்டு விழுந்து பத்து வருடம்கூட ஆகாத நேரம். நம் எதிர்காலத்தை யார் கையில் விடுவது என்ற கவலை மூன்றிலும் இருக்கிறது. ஒன்றில் அது புத்தகம் எரிக்கும் அரசின் கையில், இன்னொன்றில் வானிலிருந்து வந்து போர்களை நிறுத்தும் அந்நியர் கையில், மூன்றாவதில் வரலாற்றைக் கணக்குப் போடும் கணித அறிஞர்களின் கையில். பெயர் வரிசையில் இருந்தவரை மூன்றையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு புத்தகம் இந்த அலமாரியில் நிலைக்குமா என்பதற்கு நான் வைத்திருக்கும் ஒரே சோதனை மறுவாசிப்பு. அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வரிசை முதல் வாசிப்பில் ஆளையே தூக்கிக்கொண்டு போகும். ஒரு பேரரசின் வீழ்ச்சியை முன்கூட்டியே கணக்கிடலாம் என்ற எண்ணமே அவ்வளவு பெரியது. அடுத்த வாசிப்பில் பாத்திரங்கள் மெலிந்து தெரிகிறார்கள். முதல் புத்தகத்தில் பெண்களைத் தேடத்தான் வேண்டும். 'ஃபாரன்ஹீட் 451' நேர்மாறு. படுக்கையில் காதுக்குள் சிப்பி வடிவ வானொலியைச் செருகிக்கொண்டு, பக்கத்தில் கணவன் இருப்பதே தெரியாமல் கிடக்கும் மில்ட்ரெட், ஒவ்வொரு முறையும் இன்னும் கிட்டத்தில் வந்து நிற்கிறாள்.

நான் அதிகம் எடுத்துப் படிப்பது கிளார்க்கின் 'ராண்டேவூ வித் ராமா' (1973). சூரியக் குடும்பத்துக்குள் நுழையும், ராமா என்று பெயரிடப்பட்ட 50 கிலோமீட்டர் நீள உருளை ஒன்று. அதற்குள் நிலம், நகரங்கள் போன்ற கட்டடங்கள், உட்சுவரைச் சுற்றி வளையமாக ஒரு கடல். அந்தக் கடலின் வடகரையில் பாறைச்சுவர் 50 மீட்டர் உயரம், தென்கரையில் 500 மீட்டர். ஏன் இந்த வித்தியாசம்? ராமா வேகமெடுத்தால் தண்ணீர் பின்பக்கம் பாயும், அதைத் தடுக்கத்தான் அந்த உயரம். ஒரு சுவரின் அளவை வைத்தே, செத்துக் கிடப்பதாக நினைத்த ஒரு கப்பல் இன்னும் பயணத்துக்குத் தயாராக இருக்கிறது என்று வாசகனுக்குப் புரியவைத்துவிடுகிறார். எந்தப் பாத்திரமும் கண்ணீர் விடவில்லை, யாரும் பிரசங்கம் செய்யவில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் மயிர்க்கூச்செறிகிறது.

'சோலாரிஸ்' (1961) வாங்குபவர்களுக்கு ஒரு தகவல். ஸ்தானிஸ்லாவ் லெம் எழுதியது போலிஷ் மொழியில். 1970இல் வந்த ஆங்கிலப் பதிப்பு பிரெஞ்சு வழியாக வந்தது. போலிஷிலிருந்து நேரடியாகச் செய்த ஆங்கில வடிவம் 2011இல்தான் வெளியானது. கிடைத்தால் அதையே படியுங்கள்.

தமிழுக்கு என்று வரும்போது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் உட்கார்ந்து 2021ஐ எழுதியிருக்கிறார். அந்த வருடம் வந்து, போயும் விட்டது. ஜீனோ என்ற இயந்திர நாய் மட்டும் கொஞ்சம்கூடப் பழசாகவில்லை. அது வாய் திறக்கும் பக்கங்களை இன்றைக்கும் ரசித்துப் படிக்க முடிகிறது.

பராமரிப்பில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. பழைய பேப்பர்பேக்குகளின் மலிவுத் தாளில் அமிலம் இருப்பதால் பழுத்து நொறுங்கும். நேர் வெயில் படாமல், சுவரோடு ஒட்டாமல், காற்று போக இடம் விட்டு நிறுத்தி வைத்தால் போதும். 'ட்யூன்' போன்ற குண்டுப் புத்தகங்களைச் சாய்த்து வைத்தால் முதுகு பிளந்துவிடும்.

யாராவது முதன்முதலாக இந்த வகையைப் படிக்கக் கேட்டால் விண்கலம் எதையும் கொடுப்பதில்லை. டேனியல் கீஸின் 'ஃபிளவர்ஸ் ஃபார் ஆல்ஜெர்னான்' கொடுக்கிறேன். 1959இல் சிறுகதையாக வந்து 1966இல் நாவலானது. அறிவு குறைந்த சார்லி, மூளை அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எழுதும் குறிப்புகள்தான் மொத்தக் கதையும். காற்புள்ளி என்றால் என்னவென்று தெரிந்துகொண்ட நாளில், சந்தோஷத்தில் வாக்கியம் முழுக்கக் காற்புள்ளியாக இறைத்து வைப்பான். பக்கங்கள் போகப் போக நடை செம்மையாகி, பிறகு பழைய எழுத்துப் பிழைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். அதைத் தாங்கிக்கொண்டு திரும்பி வருபவர்களுக்கு அடுத்து லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்', அதற்கும் அடுத்து ராமா.

ராமாவைத் திருப்பித் தருபவர்கள் அதன் தொடர்ச்சியைக் கேட்பார்கள். 1989இல் தொடங்கி கிளார்க்கும் ஜென்ட்ரி லீயும் சேர்ந்து எழுதிய தொடர்ச்சிகள் இருக்கின்றன. என் அலமாரியில் அவற்றுக்கு இடம் தரவில்லை. அந்தக் கப்பலைச் செய்தவர்கள் யார் என்று தெரியாமலே இருப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.