கமாரோவின் முன் சப்ஃபிரேம்: பழையதைத் திருத்துவதா, வாங்குவதா, நாமே கட்டுவதா?

1967 முதல் 1969 வரை வந்த செவர்லே கமாரோவை ஸ்டாண்டில் ஏற்றிக் கீழே படுத்துப் பார்த்தால், இரண்டு வேறு கார்களைச் சேர்த்து வைத்தது போல இருக்கும். ஃபயர்வாலுக்கு (இன்ஜினையும் பயணிகள் அறையையும் பிரிக்கும் தகரச் சுவர்) பின்னால் எல்லாம் தகரக் கூடுதான், தனிச் சேசிஸ் கிடையாது. முன்னால் மட்டும் பழைய பாணியில் இரண்டு நீள ரெயில், நடுவே ஒரு குறுக்குச் சட்டம். இன்ஜின், ஸ்டீயரிங் பெட்டி, முன் சஸ்பென்ஷன் மூன்றும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இந்த முன்பகுதிக்குப் பெயர்தான் சப்ஃபிரேம். நான்கு இடங்களில் ரப்பர் வைத்துப் பாடியோடு போல்ட் போட்டிருக்கிறார்கள். ரேடியேட்டர் தாங்கியில் இன்னும் இரண்டு. அவிழ்த்தால் மொத்தமாகக் கழன்று வந்துவிடும்.

இது பெரிய வசதி. அதே காலத்து ஃபோர்டு மஸ்டாங்கில் ஷாக் டவர் (முன் சஸ்பென்ஷனின் மேல்முனையைத் தாங்கும் தகரக் கூண்டு) பாடியோடு வெல்டு ஆகியிருக்கிறது. அங்கே முன் சஸ்பென்ஷனை அடியோடு மாற்ற நினைத்தால் டவரை வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு மனம் மாறினால் ஒன்றும் செய்ய முடியாது. கமாரோவில் பழையதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு வேறொன்றை மாட்டலாம், வேண்டாமென்றால் திரும்ப மாட்டலாம். ‘புதிதாக ஒரு சப்ஃபிரேம் கட்டினால் என்ன’ என்ற ஆசை இந்தக் காரில் அதிகம் பேருக்கு வருவதற்கு இதுவே காரணம்.

ஆனால் எதற்காக மாற்றுகிறோம்? துருவுக்காகவா, நவீன எல்எஸ் இன்ஜின் (ஜெனரல் மோட்டார்ஸின் புதிய வி8 வகை) வைப்பதற்காகவா, திருப்பத்தில் கார் பிடித்து நிற்பதற்காகவா? மூன்றுக்கும் பதில் வேறு வேறு. இதைத் தெளிவாகச் சொல்லத் தெரியாதவர்கள்தான் கடைசியில் அதிகம் செலவழிக்கிறார்கள்.

முதலில் பழைய சப்ஃபிரேமின் குற்றம் என்னவென்று பார்ப்போம், ஏனென்றால் மற்ற எல்லா வழிகளும் இந்தக் குற்றத்துக்கான மருந்துகள். ஒவ்வொரு முன் சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஆர்ம் (கைகள்) சட்டத்தோடு பிடித்திருக்கும். தொழிற்சாலை அமைப்பில் மேல் ஆர்மின் உள்முனை உயரத்திலும் வெளிமுனை தாழ்வாகவும் இருக்கும், கூரைச் சரிவு போல. சக்கரம் மேட்டில் ஏறும்போது அந்த ஆர்ம் மட்டத்தை நோக்கி எழும். எழும்போது அதன் வெளிமுனை இன்னும் வெளியே தள்ளும். அதனால் சக்கரத்தின் தலை வெளிப்பக்கம் சாயும். வேகமாகத் திரும்பும்போது கார் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கச் சக்கரம்தான் அதிக எடையைத் தாங்குகிறது. அதே சக்கரம்தான் டயரின் வெளி விளிம்பில் நின்று தேய்கிறது. கேஸ்டரும் (பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாயும் கோணம்) அன்றைய அளவில் அரை டிகிரிக்குப் பக்கம்தான். இன்றைய ரேடியல் டயருக்கு ஐந்து, ஆறு டிகிரி கேட்பார்கள். அந்தக்கால டயருக்கும், பவர் இல்லாத ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பவும் பார்த்து வைத்த கணக்கு அது. முட்டாள்தனம் இல்லை, காலம் வேறு.

இதற்கு மிக மலிவான மருந்து ஒன்று உண்டு. மேல் ஆர்ம் பூட்டும் துளைகளைக் கீழே இறக்கிப் புதிதாகத் துளைப்பது. டிக் கல்ட்ஸ்ட்ராண்ட் என்ற ரேஸ்காரர் பெயரால் இதைச் சொல்வார்கள். உள்முனை இறங்கியதும் ஆர்மின் சரிவு தலைகீழாகிவிடும். சக்கரம் ஏறும்போது அதன் தலை உள்ளே வரும். வேண்டியது ஒரு டெம்ப்ளேட், ஒரு துளைக்கருவி, ஒரு மாலைப் பொழுது. இதோடு கேஸ்டர் கூடுதலாகக் கிடைக்கும்படி செய்த புது மேல் ஆர்ம், உயரமான பால் ஜாயிண்ட், தடித்த ஆன்டி-ரோல் பார், நல்ல டாம்பர் (ஷாக் அப்சார்பர்) சேர்த்தால் கார் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். இதை ‘ஏழைகளின் வழி’ என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயம்: 1968, 1969 இரண்டு ஆண்டும் டிரான்ஸ்-ஆம் (அமெரிக்கக் கார் பந்தயத் தொடர்) பட்டத்தை செவர்லேக்கு வாங்கிக் கொடுத்த பென்ஸ்கி அணியின் இசட்/28 கமாரோக்கள் இந்தத் தொழிற்சாலை அமைப்பின் அடிப்படையில் கட்டியவைதான். 1968-இல் நடந்த 13 பந்தயங்களில் 10-ஐ அந்த அணியின் ஓட்டுநர் மார்க் டொனஹியூ ஜெயித்தார்.

பழையதை வைத்துக்கொள்வதென்றால் சில வேலைகளைத் தவிர்க்கக் கூடாது. தொழிற்சாலையில் தையல் போல விட்டு விட்டு வெல்டு செய்திருப்பார்கள். மணல் அடித்துச் சுத்தம் செய்த பிறகு இடைவெளிகளை நிரப்பி வெல்டு போட்டால் விறைப்பு கூடும். பாடி மவுண்ட் உட்காரும் குழிவுகளில் துரு இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ரப்பருக்குப் பதில் அலுமினியப் புஷ் போட்டு, பின் ரெயில் வரை இணைப்புச் சட்டமும் போட்டால் கார் ஒரே உடம்பாகிவிடும், ஆனால் சாலையின் சத்தம் முழுவதும் உள்ளே வரும். இன்னொன்று, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு காயில்-ஓவர் (டாம்பரைச் சுற்றியே ஸ்பிரிங் வைத்த ஒரே தொகுப்பு) மாட்டுகிறவர்கள் கவனிக்க: ஸ்பிரிங் குழிவின் உச்சியில் உள்ள ஷாக் துளை டாம்பரின் இழுப்புக்காக மட்டும் செய்தது. காரின் எடையை அதில் தொங்கவிட வேண்டுமானால் பிளேட் வைத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும்.

இரண்டாவது வழி, வேறு காரின் சப்ஃபிரேமைக் கொண்டுவருவது. இதைப் பற்றிச் சட்டென்று சொல்லி முடித்துவிடலாம். 1968-இல் வந்த செவர்லே நோவா காரின் சப்ஃபிரேம் இதே குடும்பம். நம்முடையது துருவில் போய்விட்டதென்றால் அதைத் தேடலாம். ஆனால் குணமும் அதேதான், ஒன்றும் மேம்படாது. 1970-இல் வந்த அடுத்த தலைமுறைக் கமாரோவில் ஸ்டீயரிங் இணைப்பு அச்சுக்கு முன்னால் போய்விட்டது, சஸ்பென்ஷனும் இதைவிட மேலானது. ஆனால் அது நம் காரில் நேராகப் பூட்டாது. வெட்டி ஒட்ட வேண்டும். வெட்டி ஒட்டும் அளவுக்கு இறங்கினால் புதிதாகவே கட்டிவிடலாமே என்பது என் எண்ணம்.

மூன்றாவது, கடையில் வாங்குவது. அமெரிக்காவில் இதற்கென்றே பல நிறுவனங்கள் இருக்கின்றன. டெட்ராய்ட் ஸ்பீட் ரெயில்களை ஹைட்ரோஃபார்ம் முறையில் செய்கிறது: குழாயை அச்சுக்குள் வைத்து, திரவ அழுத்தத்தால் உள்ளிருந்து ஊதி வடிவெடுப்பது. வளைவுகளில் வெல்டு இல்லாத ரெயில் அப்படித்தான் கிடைக்கிறது. பட்டறையில் நம்மால் செய்ய முடியாத ஒன்று. மற்றவர்கள் பெரும்பாலும் பெட்டிக் குழாயை வளைத்தும் வெட்டியும் செய்கிறார்கள். பலவற்றில் கார்வெட் வகை ஹப், ரேக் ஸ்டீயரிங் (பல் வைத்த தண்டை இடவலமாகத் தள்ளிச் சக்கரத்தைத் திருப்புவது), காயில்-ஓவர் எல்லாம் சேர்ந்தே வரும். எல்எஸ் இன்ஜினின் எண்ணெய்த் தொட்டிக்கும் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் இடம் விட்டிருப்பார்கள். பழைய அமைப்பில் ஸ்டீயரிங் இணைப்புகள் அச்சுக்குப் பின்னால் ஓடுவதால் அந்த இரண்டுக்கும் அங்கே நித்தம் தகராறு. ஆக, இன்ஜின் மாற்றுவதுதான் நோக்கமென்றால் இந்த வழி வலுவானது. விலைதான் கசப்பு. முழுத் தொகுப்பு பத்தாயிரம் டாலரைச் சுலபமாகத் தொடும். சக்கரம், பிரேக், ஸ்டீயரிங் தண்டு, எக்ஸாஸ்ட் என்று அதன் வாலாக வருவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, நாமே கட்டினால்?

இரும்பு மலிவு. நான்கு அங்குலத்துக்கு இரண்டு அங்குலப் பெட்டிக் குழாய், மூன்று மில்லிமீட்டர்ச் சுவர், சாதாரண மைல்டு ஸ்டீல். மொத்த இரும்பும் ஒரு ஜோடி நல்ல டயரின் விலைக்குள் வந்துவிடும். இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். செலவெல்லாம் ஜிக்கிலும் (வெல்டு செய்யும்போது பாகங்களை அசையாமல் பிடிக்கும் சட்டம்) அளவிலும் போகிற நேரத்திலும் இருக்கிறது.

வரிசை முக்கியம். முதலில் பழைய சப்ஃபிரேம் காரில் இருக்கும்போதே நான்கு பாடி மவுண்ட், ரேடியேட்டர் தாங்கி, சக்கர மையம் எல்லாவற்றையும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறித்து, குறுக்கு அளவுகளை எழுதிக்கொள்ள வேண்டும். அப்புறம் டயர், ரிம், காரின் உயரம் மூன்றையும் முடிவு செய்ய வேண்டும். பிறகு நக்கிள் (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கி ஆர்ம்களோடு இணைக்கும் பாகம்). ரெயில் எங்கே போகும் என்பது இவற்றுக்குப் பிறகுதான் வரும். புதிதாக இறங்குகிறவர்கள் ரெயிலில் ஆரம்பிக்கிறார்கள். கண்ணுக்கு அழகான சட்டகம் வரும், சக்கரம் அதற்கேற்ப வளைந்து கொடுக்காது.

நக்கிள் முடிவானால் ஆர்ம்களின் உள்முனைகளைக் கணக்கில் கொண்டுவரலாம். கணினியில் போடலாம், அட்டையில் வெட்டிக் குண்டூசி குத்தி ஆட்டிப் பார்த்தும் முக்கால்வாசி புரிந்துவிடும். ரேக் விஷயத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். டை ராடின் (ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) உள்முனை, மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் உள்முனைகளை இணைக்கும் கோட்டில் இருக்க வேண்டும். டை ராடின் நீட்சியும் ஆர்ம்களின் நீட்சிகள் சந்திக்கும் புள்ளியை நோக்கிப் போக வேண்டும். இல்லையென்றால் சக்கரம் பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டீயரிங்கைத் தொடாமலே கார் திரும்பும். பம்ப் ஸ்டீர் என்பது இதுதான். கையில் கிடைத்த ஏதோ ஒரு காரின் ரேக்கைக் கொண்டுவந்தால் அதன் அகலம் இந்தக் கோட்டுக்கு ஒத்துவருவது அதிர்ஷ்டம். ஸ்பிரிங் இல்லாமல் மாட்டி, சக்கரத்தை ஜாக்கில் ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக ஏற்றி, டயல் கேஜில் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறுகிறதா என்று பார்ப்பதுதான் ஒரே சாட்சி. இதெல்லாம் டேக் (தற்காலிகமாகச் சின்னப் புள்ளி வெல்டு) வைத்த நிலையிலேயே நடக்க வேண்டும்.

வெல்டு இழுக்கும். இது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் எல்லோரும் ஒரு தடவை பாடம் படிப்பார்கள். நான் படித்தது ஒரு குறுக்குச் சட்டத்தில். ஒரு பக்கத்துக் கீழ் ஆர்ம் பிராக்கெட் இரண்டையும் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம் என்று ஒரே மூச்சில் வெல்டு போட்டேன். ஜிக்கிலிருந்து கழற்றியதும் அந்த முனை மூன்று மில்லிமீட்டர் எழுந்து நின்றது, வாழைப்பழம் மாதிரி. சிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) வைத்துச் சமாளிக்கலாம் என்று இரண்டு நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டு, மூன்றாம் நாள் கிரைண்டரை எடுத்தேன். இரண்டு அங்குலம் இங்கே, இரண்டு அங்குலம் எதிர்ப்பக்கம், ஆறவிட்டு அளவு, மறுபடியும். அவ்வளவுதான் ரகசியம், அதைச் செய்யப் பொறுமை இல்லாத நாளில் டார்ச்சைத் தொடக் கூடாது.

அதனால் என் கணக்கு இப்படிப் போகும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டவும், அவ்வப்போது வேகமாக ஓட்டிப் பார்க்கவும் கார் வைத்திருப்பவருக்குப் பழைய சப்ஃபிரேமே போதும்; திருத்தத்துக்கு ஆகும் பணத்தில் கிடைக்கும் மாற்றம் மற்ற எதிலும் கிடைக்காது. எல்எஸ் இன்ஜின், அகல டயர், டிராக் என்று போகிறவர் வாங்கிவிடலாம். சொந்த நேரத்துக்கு ஒரு நியாயமான கூலி போட்டுப் பார்த்தால் நாமே கட்டியது கடைச் சரக்கைவிட மலிவாக முடிந்ததாக நான் பார்த்ததில்லை. கட்டுவதற்கு நியாயமான காரணம் ஒன்றே ஒன்று: எந்தக் கிட்டும் ஒத்துக்கொள்ளாத ஒன்றை உள்ளே வைக்க வேண்டும், நீளமான ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜின் மாதிரி. ‘கட்டிப் பார்க்க ஆசை’ என்பதும் காரணம்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதைச் சிக்கனம் என்று வீட்டில் சொல்லாதீர்கள்.

முடிவு செய்யும் முன் பாடியில் சப்ஃபிரேம் பூட்டும் மவுண்ட் இடங்களைப் பாருங்கள். ஃபயர்வால் அடியிலும் முன் சீட்டுக்குக் கீழும் தகரம் துருப்பிடித்திருந்தால், மேலே சொன்ன எதை மாட்டினாலும் அது காற்றில்தான் தொங்கும். பணம் முதலில் அங்கே போக வேண்டும். கழற்றிய பழைய சப்ஃபிரேமைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். துடைத்து, பெயின்ட் அடித்து, அதன் போல்ட்களையும் ஒரு டப்பாவில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டு, ஷெட்டில் நிறுத்தி வையுங்கள். என்றாவது காரை விற்கும் நாளில், வாங்க வருகிறவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு முதலில் கேட்பது அதைத்தான்.