மாதக்கணக்கில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்தப் பெட்ரோல்? ஆறு வருட அனுபவம்

என்னிடம் இருப்பது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். அன்றாட வேலைக்கு வேறு வண்டி இருப்பதால் ஆறு வருடத்தில் இது ஓடியது 9000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சில மாதங்களில் வாரம் ஒருமுறை வெளியே வரும். அப்புறம் ஏழெட்டு மாதம் உறைக்குள் தூங்கும். வாங்கிய புதிதில் பேட்டரி, டயர், வயரைக் கடிக்கும் எலி என்று எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டேன். டேங்குக்குள் இருந்ததைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. பெட்ரோல் என்றால் அப்படியே இருக்கும் என்றுதான் நினைப்பு.

முதல் வருடம் அரை டேங்க் இ10 பெட்ரோலோடு (பத்து சதவீதம் எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்தது) நிறுத்தினேன். ஆறாவது மாதம் எங்கோ படித்துவிட்டு பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்தான ஸ்டெபிலைசர் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றினேன், இன்ஜினை ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை. எட்டாவது மாதம் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. நான்காவது முயற்சியில் பிடித்தது, ஆனால் வண்டி முழுக்க உதறல். எச்சரிக்கை விளக்கு எரிந்தது, குறியீடு பி0300, அதாவது எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது). பெட்ரோல் மூடியைத் திறந்தபோது வழக்கமான கூர்மையான வாசனை இல்லை. பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்தால் வருமே, அந்தப் புளித்த நெடி.

மெக்கானிக் பழைய பெட்ரோலை இறக்கி, ஃபில்டரை மாற்றி, இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார். ஒன்றில் மட்டும் தூவல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஸ்டெபிலைசர் ஊற்றிய கதையைச் சொன்னேன். "ஆறு மாசம் கழிச்சு ஊத்தினீங்களா? அது காப்பாத்த உள்ள என்ன மிச்சம் இருந்துது சார்?" என்றார். அவர் சொன்னது சரி. பெட்ரோலில் இருக்கும் ஒலிஃபின் வகைச் சேர்மங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாக மாறும். ஸ்டெபிலைசரின் முக்கியச் சரக்கு அந்த வினையைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட். வினை தொடங்காமல் பார்த்துக்கொள்ளும், உருவான பிசினைத் திரும்பப் பெட்ரோலாக மாற்றாது. டேங்கில் ஊற்றிவிட்டு இன்ஜினை ஓட்டாமல் விட்டது இன்னொரு தப்பு. இப்போதைய வண்டிகள் பலவற்றில் இன்ஜெக்டருக்குப் போன பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாது. லைனில் இருப்பது எரிந்து தீர்ந்தால்தான் மருந்து கலந்தது அங்கே போய்ச் சேரும்.

அதற்கப்புறம்தான் எந்தப் பெட்ரோல் போடுவது என்று உட்கார்ந்து யோசித்தேன். எல்லோரையும் போல நானும் முதலில் ஆக்டேன் எண்ணைத்தான் பிடித்துக்கொண்டேன். எண் ஏற ஏறத் தரமும் ஏறும் என்ற எண்ணம். ஆக்டேன் காட்டுவது ஒன்றே ஒன்றுதான்: அழுத்தும்போது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பது. என் இன்ஜினின் கம்ப்ரஷன் 11:1, மூடியின் உட்புறத்தில் 98 சிபாரிசு, குறைந்தபட்சம் 95 என்று இருக்கிறது. இது ஆர்.ஓ.என். கணக்கு, அதாவது ஆக்டேனை அளக்கும் ஒரு சோதனை முறை. சில நாடுகளில் பங்க்கில் எழுதுவது வேறு சோதனையையும் சேர்த்து எடுத்த சராசரி. 98 ஆர்.ஓ.என். அங்கே ஏறக்குறைய 93 என்று இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் எட்டு மாதம் நிற்கும்போது பெட்ரோல் எவ்வளவு நாள் தாங்கும் என்பதை இந்த எண் சொல்லவே சொல்லாது.

அதைச் சொல்வது எத்தனால் அளவும், வாங்கிய தேதியும்தான். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், நன்றாகவே எரியும், தினம் ஓடும் வண்டியில் அதனால் தொந்தரவு இல்லை. நிற்கும் வண்டியில் அது தண்ணீரோடு உறவு கொண்டாடும். சாதாரண வெப்பநிலையில் இ10 பெட்ரோல் சுமார் அரை சதவீதம் தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் கூட்டுச் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. மேலே மிஞ்சுவது ஆக்டேன் குறைந்த பெட்ரோல்.

இங்கே ஒரு கணக்கு. காலி டேங்கில் இரவுப் பனி இறங்கித் தண்ணீர் தேங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பினேன். 30 டிகிரியில் முழு ஈரமான காற்று ஒரு கன மீட்டருக்கு சுமார் 30 கிராம் தண்ணீரைச் சுமக்கும். என் 50 லிட்டர் டேங்கில் பாதி காலி என்றால் 25 லிட்டர் காற்று, அதில் இருப்பது முக்கால் கிராம். மீதி 25 லிட்டர் இ10 பிரிய வேண்டுமானால் 125 கிராம் வேண்டும். உள்ளே இருக்கும் காற்று முழுதும் 160 தடவைக்கு மேல் மாறி, ஒவ்வொரு முறையும் ஈரம் மொத்தமும் உள்ளே இறங்கினால்தான் அந்த நிலை வரும். இறுக மூடும் டேங்க் உள்ள வண்டியில் அது நடப்பது கஷ்டம். மூடியின் ரப்பர் வெடித்த வண்டி, நேராகக் காற்று வாங்கும் பழைய டேங்க் என்றால் கதை வேறு. அதனால் டேங்கை நிரப்பி நிறுத்துவதற்கு என் காரணம் தண்ணீர் இல்லை. காலி இடம் குறைந்தால் ஆக்சிஜன் குறைவு, எளிதில் ஆவியாகும் லேசான பகுதியும் அதிகம் தப்பிப் போகாது. குளிர்ந்த இன்ஜின் சட்டென்று பிடிக்க அந்த லேசான பகுதிதான் உதவுகிறது. நிரப்பும்போது நாசில் 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று அமுக்கினால் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோல் போய்விடும்.

எத்தனால் எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். 100 மி.லி. கண்ணாடி அளவுக் குழாயில் 10 மி.லி. தண்ணீர், அதில் ஒரு சொட்டு நீல மை, பிறகு 100 கோடு வரை பெட்ரோல். மூடிக் குலுக்கி, ஆவியை ஒருமுறை வெளியேவிட்டு, கால் மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்வதால் நீல அடுக்கு உயரும். இ10-க்கு 10-இல் இருந்த கோடு 19-ஐ ஒட்டி நின்றது, இ5 என்று விற்றதற்கு 14-க்கு ஒரு முடி கீழே. எத்தனால் இல்லாதது என்று வாங்கியதில் கோடு அசையவில்லை. திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்யுங்கள். சோதித்த பெட்ரோலை டேங்கில் திரும்ப ஊற்றாதீர்கள்.

எனக்குக் கிடைக்கும் எத்தனால் இல்லாத பெட்ரோல் 95 தான். 98 வேண்டுமென்றால் எத்தனாலும் கூடவே வரும். ரொம்ப நாள் குழம்பி இப்படி முடிவு செய்தேன்: ஓட்டும் மாதங்களில் 98, நிறுத்தும் முன் கடைசி நிரப்பு எத்தனால் இல்லாத 95. குறைந்தபட்சம் 95 என்று என் வண்டியே சொல்வதால் இது சரிப்படுகிறது. பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டல் வந்தால் சென்சார் கண்டுபிடித்து இக்னிஷனைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், நானும் அந்த டேங்க் தீரும்வரை மிதிக்க மாட்டேன். 98 கட்டாயம் என்று எழுதிய வண்டிக்கு இதைச் செய்யாதீர்கள். அந்த இடைவெளியை ஆக்டேன் பூஸ்டரால் அடைக்கலாம் என்று ஒருமுறை முயன்றேன். பாட்டிலில் 'ஐந்து புள்ளி' என்று போட்டிருந்தது. பத்துப் புள்ளி சேர்ந்தால்தான் ஒரு ஆக்டேன், ஆக ஐந்து என்பது வெறும் 0.5! அதிலிருந்த மாங்கனீசு சேர்மத்தின் புண்ணியத்தில் ஸ்பார்க் பிளக் முனைகள் செங்கல் நிறத்தில் வெளியே வந்ததுதான் கண்ட பலன்.

ஸ்டெபிலைசர் வேலை செய்கிறதா? மூன்றாம் வருடம் மூன்று கண்ணாடி ஜாடிகளில் ஒரே நாள் வாங்கிய பெட்ரோலை ஊற்றி இருட்டு அலமாரியில் வைத்தேன். ஒன்று வெறும் பெட்ரோல், இன்னொன்று மருந்து கலந்தது, மூன்றாவதில் மருந்து இல்லாமல் ஒரு துண்டு செம்புக் கம்பி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது செம்பு போட்டதுதான் மோசம்: அடர்ந்த பழுப்பு, கம்பியை எடுத்தால் விரலில் ஒட்டியது. வெறும் பெட்ரோல் வைக்கோல் நிறத்தைத் தாண்டியிருந்தது. மருந்து கலந்தது ஏறக்குறைய வாங்கியபோது இருந்த நிறத்திலேயே இருந்தது. செம்பு ஆக்சிஜன் வினையை வேகப்படுத்தும். நல்ல ஸ்டெபிலைசரில் உலோகத்தின் அந்தக் குணத்தை அடக்கும் பொருளும் இருக்கும். ஜாடி டேங்க் ஆகாது, தெரியும். ஆனாலும் அதைப் பார்த்த பிறகு அந்தச் செலவுக்கு மனம் முணுமுணுப்பதில்லை.

இப்போது நான் செய்வது: மூன்று மாதத்துக்குள் ஓட்டுவேன் என்றால் ஸ்டெபிலைசர் கிடையாது, டேங்கை நிரப்புவதோடு சரி. அதற்கு மேல் என்றால் பங்க்கில் முதலில் மருந்து, மேலே பெட்ரோல். விழும் வேகத்திலேயே கலந்துவிடும். என் பாட்டிலில் 10 லிட்டருக்குச் சுமார் 30 மி.லி. கணக்கு, ஆக முழு டேங்குக்கு 150. இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு நாள் தாங்காது, அதனால் ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்துதான் ஊற்றுகிறேன். அங்கிருந்து 20 கிலோமீட்டர் சுற்றி வீட்டுக்கு வருவேன். வந்து நிறுத்திவிட்டால் நிறுத்தியதுதான். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓட விடுவதை விட்டுவிட்டேன். ஆயில் முழுதாகச் சூடாகாது, எரிந்ததில் உண்டாகும் தண்ணீரும் எரியாத பெட்ரோலும் அதில் தங்கும்.

கார்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதுவும் போதாது. ஃப்ளோட் கிண்ணத்தில் தங்கும் கொஞ்சம் பெட்ரோல் வற்றி, நுண்ணிய ஜெட்டில் வார்னிஷாக இறுகிவிடும். கிண்ணத்தை வடித்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

முதல் வருடம் இறக்கிய பெட்ரோல் கேன்களை அவசரத்தில் கீழே ஊற்ற மனம் வரவில்லை. தெளிவாக, பிரியாமல் இருந்ததை மட்டும் தினசரி வண்டியின் நிறைந்த டேங்கில் மூன்று மூன்று லிட்டராகக் கலந்து தீர்த்தேன், அது முகம் சுளிக்கவே இல்லை. அடியில் கலங்கிய இரண்டு லிட்டர் அபாயகரக் கழிவு வாங்கும் இடத்துக்குப் போனது.

மூடியின் உட்புறம் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, கடைசியாக நிரப்பிய தேதி, எந்தப் பெட்ரோல், மருந்து உண்டா என்று எழுதி வைக்கிறேன். ஸ்டெபிலைசர் பாட்டிலிலும் திறந்த தேதி இருக்கும், அதுவும் காலாவதியாகும் சரக்குதான். போன முறை டேப்பில் இருந்த தேதிக்கும் சாவியைத் திருப்பிய நாளுக்கும் ஏழு மாதமும் சில நாட்களும். செல்ஃப் இரண்டு சுற்று சுற்றியது, பிடித்துக்கொண்டது.